கலைமணி அக்காவும் தெற்குக் காந்தமும்

மனிதன் இதுவரை கண்டுபிடித்த அலாரங்களிலேயே சத்தமானது எங்கள் பக்கத்து வீட்டுக் கலைமணி அக்காவின் தொண்டை. சந்தேகம் இருப்பவர்கள் கடத்தூர் பக்கம் வந்து விசாரித்துக்கொள்ளலாம். தன் புழு ஷெட்டு வாசலில் நின்று "கதவூ!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், தருமபுரி ஸ்டேஷனில் நிற்கிற பெங்களூர் ரயிலில் ஆட்கள் அவசரமாக எழுந்து கதவைச் சாத்துவார்கள். தீர்த்தமலையில் மொட்டை போட உட்கார்ந்திருப்பவன் திடுக்கிட்டுத் திரும்பியதில் மீசையும் சேர்ந்து போயிருக்கும். இந்தியாவின் எல்லையில் அக்காவை நிறுத்தினால் ராணுவச் செலவு பாதியாகும் என்பது என் கணக்கு. கணக்கில் நான் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை எழுதித்தான் பாஸ் என்பதால் இதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பேர்ப்பட்ட அலாரம் இருக்கும் இடத்துக்கு நான் போய் இன்னொரு அலாரம் செய்து கொடுத்தேன். அந்தக் கதைதான் இது. நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

அக்கா பட்டுப்புழு வளர்ப்பவள். வீட்டுக்குப் பின்னால் மல்பெரித் தோட்டம், அதன் ஓரத்தில் ஷெட்டு. அவள் புருஷன் மாதவராஜ் மாமா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பொங்கலுக்கு வருவார், ஊர்ப் பண்டிகைக்கு வருவார், திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார். தழை வெட்டிக் கொண்டுவந்து போடுவதற்குக் கொழுந்தனார் தீர்த்தன் இருக்கிறார். அக்கா புழுவிடம் மட்டும் மெதுவாகப் பேசுவாள். "தின்னுங்கடி என் தங்கங்களா" என்பாள். தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தால் குரல் மாறிவிடும். ஷெட்டுக்குள் எண்ணெய் வாசனை ஆகாது, பவுடர் ஆகாது, பீடி ஆகவே ஆகாது. ஒருமுறை நான் சென்ட் அடித்துக்கொண்டு போனதற்கு மோட்டார் போட்டு, பைப்பைத் திருப்பி, ஆட்டைக் கழுவுவதுபோல என்னைக் கழுவி அனுப்பினாள்.

இதையெல்லாம்விட ஆகாதது ஊசி ஈ. பார்க்க வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், அவ்வளவுதான். புழுவின் மேல் உட்கார்ந்து ஒரு முட்டையை வைத்துவிட்டுப் பறந்துவிடும். முட்டை பொரித்து, உள்ளே புகுந்து, புழுவை உள்ளிருந்தே தின்னும். தப்பித்தவறி அந்தப் புழு கூடு கட்டினாலும், ஈயின் பிள்ளை கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. அதனால் ஷெட்டுக்கு வலையடித்த இரும்புக் கதவு. கதவு சாத்தியிருந்தால் பட்டு. திறந்து கிடந்தால் ஈ.

கதவு திறந்துதான் கிடக்கும். தீர்த்தன் மாமா இரண்டு கையிலும் தழைக்கட்டோடு வருவார், காலால் கதவைத் தள்ளுவார், உள்ளே போவார், திரும்பி வருவார். அதோடு சரி. கேட்டால், "நான் சாத்திட்டுதானுங்க அண்ணி வந்தன். காத்து தொறந்திருக்கும்" என்பார். ஊரில் இலை அசையாது. அவர் திறந்துவிட்ட கதவுக்கு மட்டும் தனியாகக் காற்று வரும்.

போன பேட்ச் முழுக்கவே அந்தக் காற்றில் போய்விட்டது. தருமபுரிப் பட்டுக்கூட்டுச் சந்தைக்கு மூட்டையோடு போன அக்கா அதே மூட்டையோடு திரும்பி வந்தாள். மாதவராஜ் மாமா போனில், "இன்னொரு வாட்டி இப்புடி ஆச்சின்னா செடிய புடுங்கிப் போட்டுட்டு கெளம்பி வந்துடு. இங்க சித்தாள் வேலைக்கு ஆளு கெடைக்காம அலையறாங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா எதிர்த்துப் பேசுவாள் என்று வேலிக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "இந்த ஒரு பேட்ச் பாத்துடறன். அப்பறம் வந்துடறன்" என்றாள். அவ்வளவுதான்.

அவள் பெங்களூர் போனால் எனக்கென்ன? ஒன்றுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருக்கும். எங்கள் அம்மா வேலைக்குப் போய்த் திரும்பும்வரை எனக்குச் சோறு போட அந்தப் பக்கத்தில் ஆள் இருக்காது, அவ்வளவுதான். அதைக்கூடக் கடையில் பரோட்டா தின்று சமாளித்துவிடலாம்.

புது பேட்ச் வந்த சமயத்தில் எனக்குக் கை அரித்தது. போனில் ஈ பறக்கும் சத்தத்தைத் தேடி எடுத்து, திரும்பத் திரும்பப் பாடுமாறு வைத்து, புழுத்தட்டுக்கு மேலே உத்தரத்தில் போனைச் செருகிவிட்டு வேலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அக்கா முறத்தைத் தூக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், காற்றை அடித்தாள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அப்புறம் அவள் முறத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். திட்டவே இல்லை. கலைமணி அக்கா திட்டாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

போய்ப் போனை எடுத்துக் காட்டினேன். அடி விழும் என்று கன்னத்தை ரெடியாக வைத்திருந்தேன். விழவில்லை. வேறு வழியில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கதவு தொறந்து கெடந்தா அதுவா கத்துற மாதிரி ஒண்ணு செஞ்சித் தரட்டாக்கா?"

"என்னாத்த வெச்சிடா?"

"காந்தத்த வெச்சி."

"செய்வியா?"

"செய்வன்."

"செய்யல, மல்பெரி கவாத்து பண்ணும்போது உன்னையும் சேத்து வெட்டிப்புடுவன்."

உயிர் வந்ததுபோல எழுந்து அப்புறம்தான் அடித்தாள்.

சொல்லிவிட்டேன், எனக்கு என்ன தெரியும்? பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டு, கடத்தூரில் சந்திரமோகன் அண்ணனின் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறவன் நான். பாலிடெக்னிக் படிக்கிற என் சிநேகிதன் பூபதி ஒரு ஆர்டுயினோ போர்டை என்னிடம் விட்டுப் போயிருந்தான். உள்ளங்கை அளவு நீலப் பலகை. நாம் எழுதி ஏற்றியதைத் திருப்பித் திருப்பிச் செய்யும். அதில் ஒரு விளக்கை மின்னவைத்துப் பார்த்திருக்கிறேன். மின்னியது. என் படிப்பு அதோடு நின்றது.

காந்தம் பக்கத்தில் வந்ததைக் கண்டுபிடிக்க ஹால் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. மிளகு மாதிரி கருப்புத் தலை, மூன்று கால். கதவு நிலையில் சென்சார், கதவில் காந்தம். சாத்தினால் காந்தம் கிட்டே வரும், சென்சார் சும்மா இருக்கும். திறந்தே கிடந்தால் போர்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுப்படியில் மாட்டப்போகும் பஸ்ஸர் என்ற சத்த டப்பாவை அலறவைக்கும். பஸ்ஸர் ஷெட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. புழு தோலுரிக்கும்போது அசையாமல் தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். அப்போது சத்தம் போட்டால் பயந்துவிடுமாம். இவள் போடுகிற சத்தத்தில் பிறந்து வளர்ந்த புழு, பஸ்ஸருக்குப் பயப்படுமாம்.

ஷெட்டு வாசலில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். அக்கா எதிரில் குந்திக்கொண்டாள்.

"இதுக்கு ஏன்டா மூணு காலு?"

"எழுத்து இருக்கற மொகம் நம்மளப் பாத்தா, இடது காலு அஞ்சு வோல்ட்டு. நடுக்காலு கிரவுண்டு. வலது காலு சிக்னலு."

"கிரவுண்டுன்னா மண்ணுதான? அப்ப மண்ணுல நட்டு வெக்கலாமில்ல?"

"அந்த கிரவுண்டு இல்லக்கா."

"பின்ன எந்த கிரவுண்டு? பள்ளிக்கூடத்து கிரவுண்டா? நீதான் அங்க போறதே இல்லியே."

இதற்குப் பதில் யோசித்துக்கொண்டே இடதையும் நடுவையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். சென்சார் சூடாகி, புகைந்து, செத்தது. நாற்றம் அடித்த அடுத்த நொடி நானும் போர்டும் ஒயரும் மல்பெரிக்குள் கிடந்தோம்.

இரண்டாவது சென்சாரை எங்கள் வீட்டில் வைத்தே கட்டினேன். கால்கள் சரி. ஆனால் காந்தம் இருந்தாலும் கத்தியது, இல்லாவிட்டாலும் கத்தியது, நடுநடுவே காரணமில்லாமல் ஓய்ந்தது. பூபதிக்குப் போன் போட்டேன்.

"சிக்னல் காலுக்கும் அஞ்சு வோல்ட்டுக்கும் நடுவுல ரெசிஸ்டர் போட்டியாடா?"

"எந்த ரெசிஸ்டர்?"

"நீயெல்லாம் கண்ணாடி ஒட்டுற வேலையோட நின்னிருக்கலாம். அது இல்லன்னா அந்தக் காலு எதுலயும் கட்டாத ஆடுடா. இஷ்டத்துக்குத் திரியும்."

பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினேன். ஆடு கட்டுத்தறிக்கு வந்தது. காந்தத்தைக் காட்டினால் அமைதி, எடுத்தால் அலறல். ஒரே ஒரு விஷயம் பாக்கி. இந்த சென்சாருக்குக் காந்தத்தின் தெற்கு முகம்தான் பிடிக்கும். எழுத்துள்ள பக்கத்துக்கு நேராகத் தெற்கைக் காட்டினால்தான் வேலை செய்யும். வடக்கைக் காட்டினால் காந்தமே இல்லாததுபோல இருந்துவிடும்.

என்னிடம் இருந்தது கடையில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம். நடுவில் ஓட்டை. அதில் எது தெற்கு? அக்காவின் வாசலில் நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். சுற்றிச் சுற்றி ஆடி ஒரு நிலைக்கு வந்து நின்றது.

"பாத்துக்கக்கா. சேலத்துப் பக்கம் பாக்குதே இந்த மொகம், இதான் தெக்கு. எத்தினி வாட்டி சுத்திவுட்டாலும் இப்புடித்தான் வந்து நிக்கும். விஞ்ஞானம்!" என்று அந்த முகத்தில் மார்க்கரால் 'தெ' என்று எழுதினேன்.

வித்தை காட்டியது என் புத்திகெட்ட வேலை. அப்போது அது தெரியவில்லை.

கதவு இரும்பு என்பதால் காந்தம் தானாகவே ஒட்டிக்கொண்டது. 'தெ' நிலையைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். கதவைத் திறந்து பிடித்தோம். அடுப்படியில் பஸ்ஸர் அலறியது. சாத்தினோம், நின்றது. அக்கா அன்றைக்குக் களியோடு முட்டையும் வைத்தாள்.

மறுநாள் கடையில் இருக்கும்போது போன் வந்தது.

"ஒன் மிஷினுக்குப் பேய் புடிச்சிக்கிச்சி. கதவு சாத்தித்தான் கெடக்குது. கத்துது, கத்துது, நிறுத்தவே மாட்டேங்குது."

ஓடினேன். தீர்த்தன் மாமா வாசலில் நின்று சந்தோஷமாக, "கதவு சாத்தியிருந்தாலும் தொறந்திருக்குதுன்னு பழி போடுது பாரு. எங்க அண்ணி மாதிரியே செஞ்சிருக்கறான்" என்றார். ஒயரைப் பார்த்தேன், ரெசிஸ்டரைப் பார்த்தேன், எழுதி ஏற்றியதை மறுபடி ஏற்றினேன். வியர்த்துக் கொட்டியபிறகுதான் காந்தத்தைப் பார்த்தேன். 'தெ' என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பியிருக்கிறது! கதவை ஓங்கி அடித்ததில் கீழே விழுந்திருக்கும், தீர்த்தன் மாமா எடுத்து மாற்றி ஒட்டியிருப்பார் என்று அவரைப் பிடித்துக் கத்தினேன். "நான் தொடவே இல்லடா குரு, காத்து திருப்பியிருக்கும்" என்றார். திருப்பி வைத்துவிட்டுப் போனேன்.

அடுத்த நாளும் போன். அதே அலறல், அதே 'தெ'. மறுபடி அவரைத் திட்டினேன். இந்த முறை அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வேளை அவர் தழை வெட்ட வரவில்லை. புழு பசியில் தலையை ஆட்டியது. அக்கா தனியாகவே வெட்டிச் சுமந்தாள். அலறல் தாங்காமல் பஸ்ஸரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். ஆகக்கூடி, அலாரமும் இல்லை, ஆளும் இல்லை, கதவும் திறந்து திறந்து கிடந்தது. என்னால் விளைந்த நன்மை இவ்வளவு.

மூன்றாவது முறை காந்தத்தைப் பிடுங்கியபோது விரலில் சிவப்பாக ஒட்டியது. வடக்கு முகத்தில் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு!

ஊரில் கண்டதற்கெல்லாம் பொட்டு வைக்கிற ஆள் ஒருத்திதான். மோட்டாருக்கு வைப்பாள், தழை வெட்டும் கத்திக்கு வைப்பாள், போன பொங்கலுக்கு என் சைக்கிளுக்கே வைத்தாள்.

"அக்கா! இத நீதான் திருப்பித் திருப்பி வெக்கிறியா?"

"ஆமா. பின்ன?" என்றாள், தழையைத் தூவிக்கொண்டே. "புழு இருக்கற வூட்டு வாசப்படில தெக்கால பாத்து எவனாச்சும் வெப்பானா? அது எமன் தெச. போன பேட்ச்சு போனது பத்தாதா? நீ வேற அவனக் கூட்டியாந்து கதவுல குந்த வெச்சிருக்கற."

"அது அந்தத் தெக்கு இல்லக்கா!"

"சேலத்துப் பக்கம் பாத்தா தெக்குன்னு நீதான சொன்ன?"

"சொன்னன். ஆனா..."

"விஞ்ஞானம்னு வேற சொன்ன."

"காந்தத்துல இருக்கற மொகத்துக்கு அப்புடிப் பேரு. அவ்வளவுதான்."

"பேரு வெக்கறவன் எதுக்கு எமன் பேர வெக்கறான்? கெழக்குன்னு வெச்சிருந்தா நான் தொட்டிருப்பனா?"

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. காந்தத்துக்குக் கிழக்கு ஏன் இல்லை என்று எனக்கும் தெரியாது. பூபதியைக் கேட்டேன், அவன் போனைக் கட் பண்ணிவிட்டான். "வடக்கால பாத்தே கத்தாம இருக்கற மாதிரி செய்யி. ஒன்னால முடியாதா?" என்கிறாள் அக்கா. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புழு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. ஈ வருகிற பருவம்.

காந்தத்தைக் கடைக்கு எடுத்துப் போனேன். தின்னரைத் தொட்டு 'தெ'யை அழித்தேன். குங்குமத்தையும் துடைத்தேன். 'தெ' இருந்த அதே முகத்தில் 'வ' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"இந்தாக்கா. பெங்களூருல இருந்து வந்த காந்தம். வடக்க வெச்சாத்தான் வேலையே செய்யும். விசேசமா வரவழைச்சன்."

அக்கா வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். என் மூஞ்சியையும் பார்த்தாள். "அப்புடிப் போடு" என்றாள். மஞ்சள் தடவிப் புதுப் பொட்டு வைத்துக் கதவில் ஒட்டினாள். 'வ' நிலையைப் பார்த்தது. பிடுங்கிப் போட்டிருந்த பிளக்கைச் செருகினேன், பஸ்ஸர் வாயைத் திறக்கவில்லை. தீர்த்தன் மாமாவிடம் நான் போய் நின்றேன். அவர் என்னை வெகுநேரம் நிற்கவைத்துவிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, தழை வெட்ட வந்தார். மறுபடியும் காலால் கதவைத் தள்ளினார். அடுப்படியில் பஸ்ஸர் அலற, "ஐயோ வந்துட்டன், வந்துட்டன்" என்று தழையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சாத்தினார். இது தினமும் நடந்தது. காற்றின் மேல் பழி போடுவதை விட்டுவிட்டார்.

புழு கூடு கட்டியது. அக்கா மூட்டையை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போனாள். நான் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. வயிற்று வலி. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தால் வயிற்று வலிக்கு நல்லது என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா இறங்கினாள். கையில் மூட்டை இல்லை.

"ஏலத்துல எடுத்தவன் கூட்ட அள்ளி ஆட்டி ஆட்டிப் பாத்தான். கொறை சொல்ல வாய் வரல அவனுக்கு" என்றாள். பிறகு மாதவராஜ் மாமாவுக்குப் போன் போட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி, "செடி இருக்கட்டும்! நீ வந்து ஒரு ஈரெழ துண்டு கட்டிக்கினு தழ வெட்டு!" என்று கத்தினாள்.

அடுத்த பேட்ச் குஞ்சுப் புழு வந்து இறங்கிய காலை. அக்கா முந்தின ராத்திரியே வாசலில் புதிதாகச் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தாள், நோய் வராமல் இருக்க. தீர்த்தன் மாமா தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் வலைக்கதவில் கை வைத்துச் சாய்ந்துகொண்டு, என் மிஷின் இல்லையென்றால் இந்த வீட்டில் பட்டு ஏது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"டேய் குரு" என்றாள் அக்கா. "அந்தக் காந்தம் வடக்குதான?"

"வடக்குதான்க்கா. பெங்களூரு காந்தம்."

"நூலு கட்டிப் பாத்தன்."

"என்னாது?"

"நீ குடுத்தியே, அன்னிக்கே. பிளக்கப் புடுங்கிட்டு, துணி காயப்போடற கவுத்துல கட்டித் தொங்கவுட்டன். எத்தினி வாட்டி சுத்திவுட்டாலும் ஒன் வடக்கு சேலத்தப் பாத்துக்கினு நிக்குது. விஞ்ஞானம்!"

தீர்த்தன் மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்பறம் ஏன்க்கா திருப்பி வெக்காம வுட்ட?"

"திருப்பி வெச்சா கத்துது. எமனே வாசல்ல குந்திக்கினு கதவப் பாத்துக்கறான்னா பாத்துக்கட்டும். அவனுக்கும் ஒரு வேலை வேணுமில்ல. பொட்டு வெச்சிருக்கறன், சொன்னபடி கேப்பான்." தழையை நறுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அது கெடக்கட்டும். எல்லாத்தையும் ஒன் மிஷினே பாத்துக்குதுன்னா, தெனமும் விடிகாலையில வந்து கதவ இழுத்துப் பாத்துட்டுப் போறியே, அது என்னாத்துக்குடா?"

"யாரு, நானா? நான் எழுந்திரிக்கறதே பள்ளிக்கூட மணி அடிச்சப்பறம்..."

அவள் கத்தியால் தரையைக் காட்டினாள். சுண்ணாம்புத் தூளில் அன்றைய விடிகாலைச் செருப்புத் தடம், வேலியிலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து வேலி வரைக்கும். இடது காலில் ஒவ்வொரு தடத்திலும் வார் அறுந்த இடத்தில் குத்திய சேப்டி பின் அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

"சேப்டி பின்னு குத்துன செருப்போட இந்த ஊர்ல வேற எவன்டா திரியறான்?"

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அடுப்படியில் பஸ்ஸர் அலற ஆரம்பித்தது. கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரமாக நின்றிருந்தது நான்தான். அக்கா கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.